பெயரும் பெறுமதியும்

ஒரு பொருளின் பெறுமதியை நிர்ணயிப்பது அதன் இயல்பா, அதன்மேல் ஒட்டப்பட்ட பெயரா? யாழ்ப்பாணத் தீவகத்தின் சரித்திரம் இவ்வினாவுக்கு விடை கூறும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். சாட்டியை உள்ளடக்கிய வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயின. நெடுந்தீவு மட்டும் ‘டெல்ஃப்ட்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் இன்றும் சுமக்கின்றது. ஏனையவை காலப்போக்கில் பொது வழக்கிலிருந்து மறைந்தன. லெய்டன் என்று எழுதியதனால் சாட்டியின் மணலில் ஊறும் நன்னீர் ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

மண்மீது ஒட்டிய பெயர் உதிர்ந்தது. மனிதர்மீது ஒட்டிய பெயரோ எளிதில் உதிரவில்லை. யாழ்ப்பாணச் சமூகம் ஐந்து சாதியினரைப் ‘பஞ்சமர்’ என்றது. அப்பெயர் கிணற்றுக்கட்டில் காவல் நின்றது. தாகத்தில் வேற்றுமையில்லை, வாளியைத் தொடும் கையில் வேற்றுமை கற்பிக்கப்பட்டது. அவன் இறைத்த நீர் பயிருக்கு ஆகும். அவன் அள்ளிய நீர் குடிக்க ஆகாதாம்! 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்காக 1960களில் மக்கள் போராட வேண்டியிருந்தது.

இலக்கியத்திலும் இதுவே நிகழ்ந்தது. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் வடித்த முற்போக்கு எழுத்தாளர்களின் ஆக்கங்களை, 1960களின் தொடக்கத்தில் மரபுவாதிகள் ‘இழிசனர் இலக்கியம்’ என்றனர். கதையின் தரத்தை ஆராய்ந்து வழங்கிய தீர்ப்பன்று அது. கதையில் பேசுபவன் யார் என்று பார்த்து வழங்கிய தீர்ப்பு. சிகை அலங்கரிப்புத் தொழிலாளியான டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பரிசும் ஒரு முத்திரையே. அது விழுவதற்கு முன்பே அக்கதைகளின் உண்மை அவற்றினுள் இருந்தது.

கே. டானியல் இன்னும் ஒருபடி சென்றார். 1972இல் வெளிவந்த தமது நாவலுக்குப் ‘பஞ்சமர்’ என்றே பெயரிட்டார். இழிவுபடுத்தச் சூட்டிய சொல், சூட்டியவர்கள்மீதே குற்றப்பத்திரிகையாயிற்று.

பெயரிடும் அதிகாரம் எவரிடம் உண்டோ, மதிப்பைப் பங்கிடுபவரும் அவரே. எனவே ஒரு நூலையோ மனிதனையோ எடைபோடப் புகுமுன், இப்பெயரை இட்டவர் யார், இதனால் இலாபம் அடைந்தவர் யார் என்று கேட்போம். அந்த வினாவிலிருந்தே நேர்மையான விமர்சனமும் நேர்மையான சமூகமும் பிறக்க முடியும்.