பரிசலின் மேல்தோல்

பரிசல் என்பது ஆற்றில் மிதக்கும் கூடைதான். மூங்கிற் பிளாச்சைப் பின்னிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் புகாமல் மேலே எதைப் போர்த்துவது என்பதே மறுபாதி. முன்காலத்தில் தோலைப் போர்த்தினார்கள். சுமார் 1520-ல் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டோமிங்கோ பயஸ், பிரம்பால் கட்டித் தோல் போர்த்திய வட்டப் படகுகளை அங்கே கண்டார். 15, 20 பேர் ஏறலாமாம். அவசியமானால் குதிரையும் மாடும்கூட ஏறுமாம். படகு மட்டும் நேரே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்குமாம்!

தோல் நல்ல போர்வைதான். ஆனால் ஈரத்தோடு கிடந்தால் அழுகிவிடும். கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைத்தாக வேண்டும். டைகிரிஸ் நதிக்காரர்கள் கூடைமேல் நிலக்கீலைப் பூசி இந்தத் தொல்லையைத் தீர்த்துக்கொண்டார்கள். நம் பக்கத்துக்கு அந்த யுக்தி வெகுகாலம் கழித்தே வந்தது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, தாரைக் காய்ச்சிப் பூசிவிடுகிறார்கள். பட்டறை வேண்டாம், ஆசாரி வேண்டாம். விரிசல் கண்ட இடத்தில் பரிசற்காரரே மறுபடி ஒரு பூச்சுப் பூசிக்கொள்ளலாம். வேடிக்கையைப் பாருங்கள்: பரிசலின் பிழைப்பைக் கெடுத்தது தார்ச்சாலை, மிச்சமிருக்கும் பரிசலை மிதக்க வைப்பதும் அதே தார்!

பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரளிக்காட்டுப் பரிசல் உல்லாசத்துக்கு. பவானிசாகருக்கு மேலே தெங்குமரஹாடாவில் கதை வேறு. பிரசவமோ ஜுரமோ, மாயாற்றைக் கடக்க அந்த ஊராருக்கு நெடுங்காலம் பரிசல்தான் துணை. வெள்ளம் வந்துவிட்டால் அதுவும் இல்லை. தண்ணீர் வடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.