நடுக்குவாதமும் அறுவையற்ற மூளைத் தூண்டலும்

மண்டையோட்டைத் திறக்காமல், காந்தப் புலத்தாலோ மெல்லிய மின்னோட்டத்தாலோ வெளியிலிருந்து மூளையைத் தூண்டி, நடுக்குவாத (பார்கின்சன்) நோயாளிகளின் அசைவுகளைச் சீராக்க முயல்வது அறுவையற்ற மூளைத் தூண்டல் எனப்படும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்நோயை 1817-இல் விவரித்தார். காரைக்கால் ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அவ்வாண்டில்தான். இது தற்செயலான ஒற்றுமையே. ஆனால் நோய்க்குப் பார்கின்சனின் பெயர் நிலைத்தது ஒரு பிரெஞ்சு மருத்துவரால்.

அவர் பாரிஸ் சல்பேத்ரியேர் மருத்துவமனையின் ழான் மார்ட்டின் சார்க்கோ. நெடுந்தொலைவு ரயிலிலோ குதிரை வண்டியிலோ குலுங்கி வந்த நோயாளிகள், வந்த சில நேரத்துக்கு உடல் இலகுவாக இருப்பதாக அவரிடம் கூறினர். அவர் அதை அலட்சியப்படுத்தவில்லை. அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, நோயாளிகளை அதில் அமர்த்திப் பார்த்து, 1892-இல் அதுபற்றி உரையாற்றினார். அவருடைய மாணவர் ழில் தெ லா தூரெத் தலையை அதிரவைக்கும் கவசத்தையும் உருவாக்கினார். மறு ஆண்டே சார்க்கோ இறந்ததால் ஆய்வு நின்றது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மீண்டும் சோதித்தனர். அதிரும் நாற்காலியில் அமர்ந்தோரும் அதிராத நாற்காலியில் அமர்ந்தோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். குணமாகும் என்ற எதிர்பார்ப்பே இந்நோயில் அசைவை மேம்படுத்தக்கூடும். அதனால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடாத எந்த முடிவையும் நம்ப இயலாது.

காந்த வழியும் பிரான்சில் தொடங்கியதே. 1896-இல் ஆர்சேன் தார்சோன்வால், மாறுமின்னோட்டம் பாயும் சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றுவதைக் கண்டார். பயன்படத்தக்க கருவி வர 1985 ஆயிற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் அதைச் செய்தனர். சுருளில் நொடிப்பொழுது பாயும் வலுவான மின்னோட்டம் காந்தத் துடிப்பை எழுப்ப, அது மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைத் தூண்டும். நோய்க்கு மூலமான டோப்பமின் செல்களோ ஆழத்தில் உள்ளன. சுருளின் வீச்சு அங்கு எட்டாது என்பதால், அவற்றோடு இணைந்த இயக்கப் புறணியே இலக்காகிறது. 1994-இல் பாஸ்குவல் லியோன் குழுவினர் நல்ல பலன் கண்டதாக அறிவித்தனர். 1999-இல் வேறொரு குழு அதே முறையைச் செய்து பார்த்தபோது அப்பலன் கிடைக்கவில்லை. பின்வந்த ஆய்வுகளின் தொகுப்புகள் மிதமான பலனையே காட்டுகின்றன. மருந்துக்கு இது மாற்றன்று.

தமிழகத்தின் பங்கு வேறு திசையில் அமைந்தது. நடுக்குவாதத்தின் முதன்மை மருந்தான லெவோடோப்பாவை, அது மருந்தாவதற்குப் பல்லாண்டு முன்பே, 1937-இல் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தி தொடங்கிய நரம்பு அறுவைத் துறையில், வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா போன்றோர் மூளையின் ஆழப்பகுதிகளில் நுண்ணறுவை செய்தனர்.

காரைக்காலில் ஜிப்மர் கிளை 2016-இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியது. அதன் தாய் நிறுவனத்தின் வேர், 1823-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளி. காந்தத் தூண்டலைப் பல நாள் தொடர்ந்து அளிக்க வேண்டும். கிடைக்கும் தேற்றமும் சில வாரங்களில் மங்கக்கூடும். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் ஒருவரைச் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு அழைத்துச் செல்லும் குடும்பம், முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே.