சூடும் குளிரும் உடைத்த கப்பல்

என் மாமா லண்டனில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர். தடித்த தகடு என்றால், ஒட்டுவதற்கு முன் அதை காஸ் நெருப்பால் சூடாக்குவார். "வெல்டிங்கே சூடுதானே மாமா, பிறகேன் இது?" என்று சின்ன வயதில் கேட்டேன். "சட்டெண்டு குளிர்ந்தால் வெடிச்சுப் போகும், பிள்ளை" என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கியது ஒரு பழைய கப்பல் கதையை வாசித்தபோதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,700க்கும் அதிகமான 'லிபர்ட்டி' கப்பல்களைக் கட்டியது. ஆணி அடித்துத் தகடுகளை இணைக்க நேரமில்லை. அதனால் வெல்டிங் செய்தார்கள். 1943 ஜனவரி 16 அன்று, போர்ட்லண்ட் நகரில், அதேபோல வெல்டிங் செய்த 'ஸ்கெனெக்டடி' என்ற புது எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, குண்டும் இல்லை. லிபர்ட்டி கப்பல்களிலும் வெடிப்புகள் வந்தன. பழி வெல்டர்கள்மேல் விழுந்தது. அவர்களில் பலர், போருக்காகப் புதிதாகத் தொழில் பழகிய பெண்கள்.

உண்மையைத் தேடியவரும் ஒரு பெண்தான். கான்ஸ்டன்ஸ் டிப்பர், 1894இல் வட லண்டனின் நியூ பார்னெட்டில் பிறந்தவர். சவுத் கென்சிங்டனில் உலோகங்களை ஆராய்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் போனார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அந்த உருக்கு வளையாது, கண்ணாடிபோல உடையும் என்று காட்டினார். ஆணி அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் கப்பலோ முழுவதும் ஒரே துண்டு. வெடிப்பு ஓடிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் வெல்டிங் சூட்டுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. உருக்கு ஏறக்குறைய 1,500 பாகையில் உருகும். வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்து உருக்கு உருகாமலே கடுமையாகச் சூடாகி, வேகமாகக் குளிரும். அப்போது அது கடினமாகும், ஆனால் தாங்கும் சக்தி குறையலாம். கண்ணாடியும் கடினம்தானே? கீழே விழுந்தால் என்ன ஆகும்? மாமா முன்கூட்டியே சூடாக்கியது, அந்த இடம் மெதுவாகக் குளிரட்டும் என்றுதான்.

டிப்பர் 1995 வரை, 101 வயது வாழ்ந்தார். அடுத்தமுறை ஒரு இரும்புப் பாலத்தில் வெல்டிங் கோட்டைக் கண்டால், கோட்டை மட்டுமல்ல, அதன் ஓரத்தையும் பாருங்கள்.