ஈயத்துக்குக் காகிதச் சட்டை

துப்பாக்கியில் மருந்தும் குண்டும் போடுவதை எங்கள் பக்கம் 'கெட்டிக்கிறது' என்பார்கள். 'லோடு பண்றது' பிற்பாடு வந்த வார்த்தை. மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நரிக்குறவர் ஒருவர் கெட்டிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கருமருந்தைக் குழாயின் வாய்வழியாகக் கொட்டினார். தேங்காய் நாரைச் சுருட்டித் தக்கையாக வைத்துக் கம்பியால் இடித்தார். அப்புறம் ஈய ரவை, அதற்கு மேல் இன்னொரு தக்கை. சுட்ட நேரத்தைவிட, கொக்குகள் கிட்டே வரட்டும் என்று அவர் காத்திருந்த நேரம்தான் அதிகம். முப்பது, நாற்பது கெஜத்தைத் தாண்டினால் ரவை எங்கே போகும் என்று அந்தத் துப்பாக்கிக்கே தெரியாது.

அதே கருமருந்தும் அதே ஈயமும்தான். ஆனால் அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் கிரீட்மோர் என்ற திடலில் 1874-இல் ஆயிரம் கெஜத் தூரத்துக்குச் சுட்டார்கள். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி. ஐரிஷ்காரர்கள் கையில் வாய்வழி கெட்டிக்கும் ரிக்பி ரைபிள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் திறந்து ஒரே ஒரு தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. ஐரிஷ்காரர் ஒருவர் பக்கத்து இலக்கில் சுட்டுவிட்டதால் அந்தப் புள்ளி போனது தனிக் கதை. எனக்கு முக்கியம் அமெரிக்கர்களின் குண்டு. அது காகிதம் கட்டியிருந்தது.

ரைபிள் குழாயின் உள்ளே திருகாணி மரை மாதிரி வரிகள் ஓடும். குண்டு அதைப் பிடித்துச் சுழன்றால்தான் பம்பரம் போலத் தடுமாறாமல் போகும். ஈயம் மெத்தென்று இருப்பதால் வரியை நன்றாகப் பிடிக்கும். அதே மெத்துதான் வினையும். ஈயம் வழித்துக்கொண்டு வரிகளில் ஒட்டும், பத்தாவது குண்டு எங்கேயோ போகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவருக்குக் காரீயமும் வெள்ளீயமும் வேறு வேறு என்று தெரியும். குண்டு வார்க்கிறவரும் அப்படித்தான். பதினாறு, இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து கொஞ்சம் இறுக்கம் ஏற்றுவார். அதுவும் போதாது.

அதனால் குண்டைக் குழாயைவிடச் சற்று ஒல்லியாக வார்த்து, பஞ்சுக் கந்தலில் செய்த மெல்லிய காகிதத்தை ஈரமாக்கி இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். சுற்றின் ஓரங்கள் ஒன்றையொன்று தொடணும், ஏறக் கூடாது. ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் தடித்துவிடும். மிச்ச நுனியைக் குண்டின் அடியில் முறுக்கி மடித்துக் காயவைத்தால், காகிதம் சுருங்கி ஈயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுடும்போது வரிகளோடு உரசுவது காகிதம். வாயை விட்டு வெளியே வந்ததும் கிழிந்து உதிர்ந்துவிடும். ஈயம் மட்டும் பறக்கும். குழாய்க்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியில் பொடிப்பொடியாகக் காகிதம் கிடந்தால் சட்டை ஒழுங்காகக் கழன்றது என்று அர்த்தம்.

இந்தக் காகிதம் கிரீட்மோருக்குப் பதினேழு வருஷம் முன்பே இந்தியாவுக்கு வந்து ஒரு ராஜ்ஜியத்தையே ஆட்டிவிட்டது. 1857 என்றதும் நமக்குப் பாடத்தில் சொன்னது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும். காகிதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என்ஃபீல்ட் ரைபிளின் தோட்டா முழுக்கக் காகிதம். சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கிக் குண்டைக் காகிதத்தோடேயே குழாய்க்குள் தள்ளணும். பழைய மஸ்கட்டில் காகிதம் வெறும் தக்கை. இங்கே அது குண்டின் சட்டை. குழாயின் துவாரம் சின்னது, ஆகவே காகிதம் மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருந்தது.

அந்த விறைப்பைத்தான் சிப்பாய்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். 1857 பிப்ரவரி 6-ஆம் தேதி பாரக்பூரில் நடந்த விசாரணையில், எண்ணெய் தடவாத வெறும் காகிதத்தைப் பற்றித்தான் பேச்சு. துணி மாதிரி இருக்கிறது, எரித்தால் கொழுப்பு இருப்பது போலத் தெரிகிறது என்றார்கள். அதே மாதக் கடைசியில் பெர்ஹாம்பூரில் 19-வது படை தோட்டாவை வாங்க மறுத்தது. அங்கே வந்திருந்தது பழைய மஸ்கட் தோட்டாதான். காகிதத்தின் நிறம் மாறியிருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காகிதம் ஏன் மாறியது என்பதற்கு ஒரு வரி விளக்கம் இருந்தது: வரிகள், துவாரம், ஈயம். அதைச் சிப்பாய்க்குப் புரியும்படி முதலிலேயே யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பின்னால் கவாத்தை மாற்றினார்கள். அதற்குள் சந்தேகம் முற்றிவிட்டிருந்தது.

மதுரையில் இந்தக் கைத்தொழில் இல்லாமல் இல்லை. யூசுப் கான், அதாவது மருதநாயகம், கம்பெனியை எதிர்த்து நின்றபோது மதுரைக்குள்ளேயே துப்பாக்கி செய்யவும், பீரங்கி வார்க்கவும், மருந்து அரைக்கவும் ஆள் வைத்திருந்தார். 1763-இல் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் மழைக்காலத்தில் திரும்பிப் போனார்கள். அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள். உடன் இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பட்டறைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தக் கதைப்பாடலும் அக்கறைப்படுவதில்லை. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. பாளையக்காரர் சீமையில் கோட்டைகளை இடிக்கணும், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி மட்டும் இல்லை, ஈட்டியும் போனது. கொல்லன் எதைச் செய்வான், யாருக்காகச் செய்வான்?

ரைபிள் ஐரோப்பாவில் சாதாரணச் சிப்பாயின் கைக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். அதாவது ஈயத்துக்குக் காகிதம் சுற்றும் காலம் பிறந்தபோது, இந்தச் சீமையில் கெட்டிப்பதே உரிமம் கேட்கும் காரியமாக மாறிக்கொண்டிருந்தது. 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுக்க அதையே எழுதிவைத்தது. நார்த் தக்கையிலேயே நம் ஆட்கள் நின்றுபோனதற்குக் கைத்திறன் குறைவு காரணம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

பட்டாளத்தில் இருந்தவனுக்காவது கொடுத்தார்களா? 1857-க்கு அப்புறம் சுதேசிப் படைக்கென்றே 1858 மாடல் மஸ்கட் ஒன்று வந்தது. வெளியே பார்த்தால் அச்சாக என்ஃபீல்ட். உள்ளே வரிகளே கிடையாது, வழவழவென்று வெறும் குழாய். தூரத்துக்குக் குறிவைக்க ஏற்றி இறக்கும் காட்சியும் இல்லை. தோளில் ரைபிளைச் சாத்தியிருப்பதாக ஊர் நினைக்கும், சுடுகிறவனுக்குத்தான் தெரியும். இந்த ஏற்பாட்டை யோசித்தவரின் மூளையை மெச்சத்தான் வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரப் படைக்கு 1871-இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. நெம்புகோலை இறக்கி ஒரு தோட்டா போட்டு மூடினால் தயார். 480 கிரெயின் குண்டு, சுமார் 31 கிராம். பன்னிரண்டு பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம், மேலே காகிதச் சட்டை, பின்னால் 85 கிரெயின் கருமருந்து. இந்தியச் சிப்பாய்க்கு அப்போது ஸ்னைடர், முந்தைய தலைமுறைத் துப்பாக்கி. எப்போதும் ஒரு படி பின்னால் என்பது எழுதப்பட்ட கொள்கை மாதிரியே நடந்தது. 1888-இல் வெள்ளைக்காரர்கள் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறிய பிறகுதான் மார்ட்டினிகள் இந்தியர் கைக்கு இறங்கின.

அப்படிக் காகிதம் கட்டிய குண்டு சிப்பாயிடம் மறுபடி வந்தபோது கடிப்பதற்கு எதுவும் இல்லை. காகிதம் பித்தளைத் தோட்டாவின் கழுத்துக்குள் போயிருந்தது. குண்டுக்கு அடியில் ஒரு தேன்மெழுகு வில்லை. வெள்ளைக்காரன் ரைபிளிலோ குண்டுக்கு அதற்குள் செம்பு-நிக்கல் உறை வந்துவிட்டது, காகிதமே வேண்டாம்.