பத்து மாதக் கணக்கும் ஆமணக்கெண்ணெயும்: யாழ்ப்பாணத்தில் நோவைக் கூப்பிட்ட கதை

யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. தலைச்சுமையோடு சந்தைக்குப் போறவை, தூக்கிவிட ஆள் இல்லாமலே சுமையை இறக்கி வைச்சு, இளைப்பாறி, திரும்பத் தலையில ஏத்திக்கொண்டு போறதுக்காகக் கட்டினது. இப்ப சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் போகிற எங்களுக்கு அது வெறும் பழைய கல். ஆனால் அதில் பல, பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு செத்துப்போன பெண்களின் நினைவாக வைக்கப்பட்டவை. அவள் இறக்கி வைக்காத சுமையை, வழியில் போகிற யாராவது இறக்கி வைத்தால் அவளுக்கு ஆறுதல் என்பது நம்பிக்கை.

அந்தக் கல்லிலிருந்துதான் இந்தக் கதையை நாங்கள் தொடங்க வேண்டும். ஏனென்றால், "நாள் தள்ளிப்போகுது, நோவைக் காணேல்லை" என்று ஒரு வீடு பதறுவதற்குப் பின்னால் இருந்தது வெறும் அவசரம் இல்லை. பிள்ளைப்பேறு என்றால் உயிர் போகலாம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் அது.

நோவைக் கூப்பிடுவதற்கு வீடுகளில் என்னென்ன செய்தார்கள்? உங்கட அம்மம்மாவைக் கேட்டால் அரைவாசி வந்துவிடும். குனிஞ்சு முற்றம் கூட்டு, நட, குந்தியிருந்து வேலை செய், சுடுதண்ணியில முழுகு. சீரகம் அவிச்சுக் குடி: அது பொய்நோ என்றால் அடங்கும், மெய்நோ என்றால் கூடும் என்பது தமிழ் வீடுகளின் பழைய சோதனை. அன்னாசி, பப்பாளிக்காய். கடைசியாக, ஆமணக்கெண்ணெய்.

இதுகளை "மூடநம்பிக்கை" என்று தள்ளிவிடவும் ஏலாது, "எங்கட முன்னோர் விஞ்ஞானிகள்" என்று கொண்டாடவும் ஏலாது. ஒவ்வொன்றாகப் பார்ப்பம்.

ஆமணக்கெண்ணெயில் இருக்கிற ரிசினோலெயிக் அமிலம், குடலிலும் கருப்பையிலும் உள்ள தசைகளில் ஒரே வகை ஏற்பியை, அதாவது புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வந்து ஒட்டுகிற இடத்தை, தூண்டுகிறது என்று 2012 இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். வயிறும் போகும், கருப்பையும் சுருங்கும் என்பது இதனால்தான். ஆனால் மனிதரில் செய்த சோதனைகளைத் தொகுத்து 2013 இல் வந்த கொக்ரேன் மீளாய்வில் இருந்தது மூன்றே சோதனைகள், 233 பெண்கள். உறுதியான பலன் என்று சொல்ல அது போதவில்லை. குடித்த பெண்கள் எல்லாருக்கும் குமட்டல் வந்தது மட்டும் நிச்சயம். வயிறு போய், தண்ணீர்ச்சத்து இழந்து, களைத்துப்போன உடம்போடுதான் பிறகு அவள் நோவைத் தாங்க வேண்டும்.

பப்பாளியைப் பற்றி 2002 இல் சிங்கப்பூர் ஆய்வொன்று வந்தது. பழுத்த பழம் எலிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. காயின் பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. "காய் கூடாது, பழம் பரவாயில்லை" என்று பிரித்துச் சொன்ன கிழவிகளின் பேச்சில் விசயம் இருந்திருக்கு. நடப்பது பிள்ளையின் தலை கீழே இறங்க உதவும், கெடுதல் குறைவு. அன்னாசி சாப்பிட்டு நோ வருமென்றால் ஒரு தோட்டமே சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆனால் பட்டியலின் இருண்ட பக்கம் ஒன்று இருக்கு. கார்த்திகைப் பூவை எல்லாருக்கும் தெரியும். அதன் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, பழைய வைத்தியத்தில் பிரசவத்தைத் தூண்டப் பயன்பட்டது. அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசுவார்கள். சமஸ்கிருதத்தில் அதற்கு ஒரு பெயர் "கர்ப்பபாதனி", கர்ப்பத்தை வீழ்த்துவது. அந்தக் கிழங்கில் இருப்பது கொல்கிசின் என்ற கடும் நஞ்சு. உள்ளே போனால் ஆளையே கொல்லும். இலங்கை ஆஸ்பத்திரிகள் அந்தச் சாவுகளைக் கண்டிருக்கின்றன. நோவைக் கூப்பிடுகிற மருந்துக்கும், கருவைக் கலைக்கிற மருந்துக்கும், உயிரை எடுக்கிற நஞ்சுக்கும் இடையில் இருந்தது அளவு மட்டும்தான். அந்த அளவை அறிந்தவர் வீட்டில் இருந்தாரா இல்லையா என்பதில் ஒரு பெண்ணின் உயிர் தொங்கியது.

அளவு மட்டுமில்லை, நாளும்தான். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று தமிழில் சொல்கிறோம். ஒன்பது மாதம்தானே என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் பகிடி பண்ணியிருப்பம். 28 நாளை ஒரு மாதமாக எடுத்துப் பத்தால் பெருக்கிப் பாருங்கோ: 280. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மருத்துவர்கள் இன்று எண்ணுவதும் 280 நாள்தான். கணக்குப் பிழையில்லை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது குறித்து வைக்கப்படாத வீடுகளில், "நாள் தள்ளிப்போச்சு" என்று நினைத்தது உண்மையில் எட்டாம் மாதமாகவும் இருக்கலாம். அப்போது கூப்பிட்ட நோ, குறைமாதப் பிள்ளையைத்தான் கொண்டுவரும்.

எழுத்தில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்தின் சொத்து. கர்ப்பிணிகளின் நோய்களும் குழந்தைகளின் நோய்களும் பரராசசேகரத்தில் பேசப்படுகின்றன. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அதை 20 ஆம் நூற்றாண்டில் அச்சில் கொண்டுவந்தார். ஆனால் ஏட்டைப் படித்தது ஆண்கள். பிள்ளைப்பேற்று அறைக்குள் இருந்தது மருத்துவிச்சி. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்துதான் அவள் பெரும்பாலும் வந்தாள். வெளித்திண்ணையில் இருக்க வேண்டியவள், அந்த ஒரு இரவில் வீட்டின் உள்ளறைக்குள் வந்து உயிரைக் கையில் வாங்கினாள். துடக்குக் கழிந்த பிறகு திரும்ப வெளியில்தான். அவளுடைய அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை.

1847 இல் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று நின்றவர். அவர் முதலில் தமிழாக்கிய நூல்களில் ஒன்று மோன்செல் என்பவரின் பிரசவ மருத்துவ நூல். 1857 இல் அச்சானது. இத்தனை துறைகள் இருக்க, முதல் வரிசையிலேயே பிரசவத்தை எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் இங்கேயும் அதே சிக்கல்: அவரிடம் படித்த மாணவர்கள் ஆண்கள். புத்தகம் தமிழுக்கு வந்தது, அறைக் கதவு திறக்கவில்லை.

அந்தக் காலத்து மேலை மருத்துவம் பாதுகாப்பானதாக இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. 1808 இல் அமெரிக்காவில் ஜோன் ஸ்டேர்ன்ஸ் என்ற மருத்துவர், ரை தானியத்தில் வளரும் எர்கொட் என்ற பூஞ்சணத் தூள் பிரசவத்தை விரைவாக்கும் என்று எழுதினார். அவருக்கு முதலே ஐரோப்பிய மருத்துவிச்சிகள் அறிந்திருந்த சரக்குத்தான் அது. மருத்துவர்கள் விழுந்தடித்துப் பாவித்தார்கள். கருப்பை இடைவிடாமல் இறுகி, பிள்ளைகள் மூச்சின்றிப் பிறந்தன. 1824 இல் டேவிட் ஹொசாக் என்ற மருத்துவர், இதைப் பிரசவத் தூள் என்று சொல்லாதீர்கள், பிள்ளைக்கு இது மரணத் தூள் என்று எச்சரித்தார். அங்கேயும் கலப்பைக் கிழங்கின் கதைதான்.

விஞ்ஞானம் மெல்ல மெல்லத்தான் சரியான இடத்துக்கு வந்தது. 1906 இல் ஹென்றி டேல், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று கண்டார். அதிலிருந்த ஒக்சிரோசினை 1953 இல் டு விக்னோ ஆய்வுகூடத்தில் செய்தார். 1955 இல் நோபல் பரிசு. 1968 இல் உகண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம், புரொஸ்டாகிளாண்டின் கொண்டு பிரசவத்தைத் தூண்டிக் காட்டினார். ஆமணக்கெண்ணெய் தட்டுவதும் இதே கதவைத்தான். வித்தியாசம், இங்கே அளவு சொட்டுச் சொட்டாக எண்ணப்படுகிறது, பிள்ளையின் இதயத் துடிப்பை ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்கிறார், பிழைத்தால் சத்திரசிகிச்சைக் கூடம் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரில் கதவைத் திறந்தது பெண்கள்தான். மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் திரட்டிய பணத்தில், பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி 1898 இல் வந்தது. இசபெல்லா கேர் என்ற பெண் மருத்துவர் அங்கே நீண்டகாலம் வேலை செய்தார். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை தீவு முழுக்கப் பரவி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடி வரத் தொடங்கினாள். 1930 களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000 இற்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950 களில் அது 500 சொச்சம். இன்று அது அதைவிடவும் மிகக் குறைவு. புது மருந்துகளோடு, நாளை எண்ணி அட்டையில் எழுதிய ஒரு பெண்ணும், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாகனமும் சேர்ந்துதான் இதைச் செய்தன.

வாகனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எங்கட ஊர் பார்த்தது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை; மண்ணெண்ணெயில் ஓடின வாகனங்கள். பிறகு ஊரடங்கு இரவுகள். பெறுமாதப் பெண்கள் நாளுக்கு முதலே ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் போய்க் கிடந்தார்கள். நோ பகலில் வந்திட வேணும் என்று வேண்டாத வீடு இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீதியிலேயே பிள்ளை பெற்றவர்களின் கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. ஊரடங்குக்கு முன்னம் பிள்ளை பிறந்திட வேணும் என்று ஒரு தாய் மகளுக்கு ஆமணக்கெண்ணெய் காய்ச்சினால், அவளை நாங்கள் எப்படிக் குறை சொல்றது?

இப்ப ஊரடங்கும் இல்லை, தடையும் இல்லை. ஆனால் அவசரம் போகவில்லை, வேறு உடுப்பில் வந்திருக்கு. யூரியூப்பில் "ஒரே நாளில் நோ வர" என்று தேடுகிறோம். சாத்திரியாரிடம் நல்ல நட்சத்திரம் கேட்டு, அந்த நாளில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த தகப்பனின் லீவு முடியப்போகுது என்றும் நாள் குறிக்கிறோம். இதில் அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டோமா? முன்னைய அவசரத்துக்குப் பின்னால் சாவுப் பயம் இருந்தது. இப்போதைய அவசரத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

உண்மையில் நாள் தள்ளிப்போனால் அதுவும் ஆபத்துத்தான். 41 கிழமை முடிந்தும் நோ வராவிட்டால் ஆஸ்பத்திரியில் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆக, கிளினிக் அட்டையில் உள்ள நாளைப் பாருங்கோ. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கோ. தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ ஒரு கசாயத்துக்கும் காத்திருக்காமல் ஓட்டோவைப் பிடியுங்கோ. மற்றபடி, அம்மம்மாவோட முற்றத்தில நடக்கிறதில ஒரு பிழையும் இல்லை. நடக்கும்போது அவவின் பிள்ளைப்பேறுகளைப் பற்றிக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. மருத்துவிச்சியின் அறிவை ஒருக்கா எழுதாமல் விட்டிட்டம். மிச்சமிருக்கிறதையாவது எழுதுவம்.