மென்பொருள் திட்டங்களில் ஒப்பந்தப் பணியாளரைத் தக்கவைத்தல்

நிரந்தர நியமனம் இன்றி, குறித்த காலத்துக்கோ குறித்த வேலைக்கோ பணம் பேசிச் சேர்ந்த மென்பொருளாளர் ஒருவர், ஆண்டுக்கணக்கில் நீளும் திட்டத்தை நடுவழியில் விட்டுப் போகாதபடி தொழில்தருநர் மேற்கொள்ளும் ஏற்பாடுகள் இப்பெயரில் அடங்கும். இலங்கையில் மென்பொருள் துறையின் மையம் கொழும்பு. எனினும் வடமராட்சியின் நெல்லியடி போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்வோர் இருப்பதால், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இது அந்நியமான விடயம் அன்று.

வகைகள்

ஒப்பந்தப் பணியாளர் மூவகைப்படுவர். தம் பெயரிலேயே கொந்தராத்து எடுத்து மாதாமாதம் பற்றுச்சீட்டு அனுப்புவோர் முதல் வகை. ஆள்வழங்கும் நிறுவனம் ஒன்றின் ஊடாக வருவோர் இரண்டாம் வகை. இவர்களுடைய கட்டணத்தில் ஒரு பங்கை இடைத்தரகர் எடுத்துக்கொள்வார். முழு வேலையையும் பொறுப்பேற்ற நிறுவனத்தின் ஆட்கள் மூன்றாம் வகை. முதல் வகையினரைப் பணமும் மரியாதையும் தக்கவைக்கும். மற்ற இரு வகையினரையும் தக்கவைப்பதற்கு இன்னொரு நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

தேவை எழுந்த விதம்

ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள வேலையை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், பிந்திப்போன மென்பொருள் திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் பழையவரின் வேலை நேரத்திலிருந்துதான் போகிறது. எனவே ஒருவர் விலகினால் அவருடைய இடம் மட்டும் வெறுமையாவதில்லை. இருப்பவர்களின் வாரங்களும் சேர்ந்து போகின்றன.

வரலாறு

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், அதன் 1706ஆம் பிரிவின் மூலம், தரகு நிறுவனங்கள் வழியாக வேலை செய்த நிரலாளர்களும் பொறியியலாளர்களும் சுயதொழிலாளர் என்று கருதப்படுவதற்கு இருந்த வரிப் பாதுகாப்பை நீக்கியது. அதன் பின் வந்த மைக்ரோசாப்ட் வழக்கு இத்துறையின் போக்கையே மாற்றியது. அந்நிறுவனத்தில் நிரந்தர ஊழியருடன் ஒரே குழுவில் இருந்து அதே வேலையைச் செய்த ‘தற்காலிகப்’ பணியாளர்கள், ஊழியருக்குரிய பங்குத் திட்டம் தமக்கும் உரியது என்று 1992இல் வழக்குத் தொடுத்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2000ஆம் ஆண்டில் 9.7 கோடி டொலருக்கு வழக்கு சமரசமானது.

அதே ஆண்டில் அந்நிறுவனம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஓராண்டு வேலை செய்த தற்காலிகப் பணியாளர் 100 நாள் விலகியிருக்க வேண்டும். வேலை தெரிந்தவரை வைத்திருப்பதே சட்டச் சிக்கலாகிவிட்டதால், நிறுவனம் தானே அவரை வெளியே அனுப்பத் தொடங்கியது. இன்றுவரை இத்துறையின் தீராத முரண் இதுதான்.

பிரித்தானியாவில் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐஆர்35 விதிகள், தனிக் கம்பனி என்ற போர்வையில் வேலை செய்த ஊழியர்களை வரி வலைக்குள் கொண்டுவந்தன. யார் ஊழியர் என்று தீர்மானிக்கும் பொறுப்பு 2017இல் அரச துறையிலும் 2021இல் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் வேலை கொடுப்பவரிடம் வந்தது. பெரிய வங்கிகள் சில, தனிக் கம்பனி வழி வருவோரை எடுப்பதையே நிறுத்தின.

லண்டன் பங்குச் சந்தை வேறு வழியில் போனது. 2007இல் அறிமுகமான அதன் வர்த்தக முறைமை 2008 செப்டெம்பர் 8 அன்று ஏழு மணிநேரம் வரை முடங்கியது. அடுத்த ஆண்டில் அச்சந்தை, கொழும்பில் 1996இல் தொடங்கப்பட்ட மில்லெனியம்ஐடி நிறுவனத்தை 3 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. அந்நிறுவனம் உருவாக்கிய முறைமை 2011 பெப்ரவரியில் லண்டன் சந்தையில் இயங்கத் தொடங்கியது. மென்பொருளை எழுதுவோரைத் தன் கைக்குள் வைத்திருக்க அவர்களின் நிறுவனத்தையே வாங்கியதற்கு இலங்கையிலிருந்து இது ஓர் உதாரணம்.

இலங்கைச் சட்டம்

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், ஒரு வேலையைத் தாமே செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தவரையும் தொழிலாளர் என்ற வரைவிலக்கணத்துக்குள் சேர்த்திருக்கிறது. ஆகையால் ‘ஆலோசகர்’ என்று கடிதத்தில் எழுதிவிடுவதால் மட்டும் தொழில்தருநர் தப்பிவிட முடியாது. கணக்கு இப்படி வரும்: மாதம் ஒரு இலட்சம் ரூபாய் சம்பளம் பெறும் ஊழியருக்கு, தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12,000 ரூபாயும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3,000 ரூபாயும் செலுத்த வேண்டும். பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடமாயின், ஐந்து ஆண்டு முடிந்து விலகும்போது 2,50,000 ரூபாய் பணிக்கொடையும் உண்டு. அதே கதிரையில், ஊழியராக அன்றிச் சுயாதீன ஒப்பந்தக்காரராகக் கருதப்படுபவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. நெல்லியடியில் இருந்து வேலை செய்தாலும் இதே சட்டம்தான்.

தற்போதைய நிலை

2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்தபின் டொலரில் கட்டணம் கேட்போர் பெருகினர். 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி ஈட்டும் வருமானத்துக்கு 15 சதவீத உச்ச வீதத்துடன் வரி உண்டு.