வினைவேகமும் வெப்பநிலையும்

வெப்பநிலை உயரும்போது பெரும்பாலான வேதிவினைகள் விரைவடைகின்றன. பள்ளி ஆய்வகத்திலேயே இதைக் காணலாம். தாளில் பெருக்கல் குறி ஒன்றை வரைந்து, அதன்மேல் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல் உள்ள குடுவையை வைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், கந்தகம் பிரிந்து கரைசல் வெண்மஞ்சளாகக் கலங்கும். குறி மெல்ல மறையும். கரைசலைச் சூடாக்கிச் செய்தால் குறி மிக விரைவில் மறைந்துவிடும்.

மூலக்கூறுகள் அடிக்கடி மோதுவதே காரணம் என்று சொல்வது போதாது. 300 கெல்வினிலிருந்து 310 கெல்வினுக்கு உயர்ந்தால் வாயு மூலக்கூறுகளின் மோதல் எண்ணிக்கை 2 விழுக்காடுகூடக் கூடுவதில்லை. வினைவேகமோ பல வினைகளில் இரு மடங்காகிறது. 1889இல் சுவீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதைவதை ஆராய்ந்து இதற்கு விளக்கம் தந்தார். டச்சு வேதியியலாளர் வாண்ட் ஹாஃப் 1884இல் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது அது. குறைந்தபட்ச ஆற்றல் ஒன்றைக் கடந்த மூலக்கூறுகளே வினைபுரியும். அதுவே கிளர்வு ஆற்றல். சிறிது சூடேறினாலும் அவ்வரம்பைக் கடக்கும் மூலக்கூறுகளின் பங்கு வெகுவாகக் கூடுகிறது. வேதியியலின் மிக அழகான விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

10 டிகிரிக்கு இரு மடங்கு என்பது பொதுவிதி அன்று. அறை வெப்பநிலையில், கிளர்வு ஆற்றல் மோலுக்கு 53 கிலோஜூல் அளவில் உள்ள வினைகளுக்கே அது பொருந்தும். நொதிவினைகள் ஓர் எல்லைவரை விரைந்து, பின் நொதியின் வடிவம் குலைவதால் தளர்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனுடன் சேரும் வினையின் வேகமோ சூடேறினால் குறைகிறது.